கில்மைக்கேலில் நான் பட்ட பாடு

முதுகலை ஆய்வேட்டுக்கு அயர்லாந்து விடுதலைப் போரை எடுத்தபோது, 1916 ஈஸ்டர் எழுச்சி முதல் பிரிட்டனுடனான 1921 டிசம்பர் ஒப்பந்தம் வரை அத்தனையையும் எழுதிவிடலாம் என்று இருந்தேன். மூன்று மாதம் ஓடியது. சேர்ந்தது குறிப்பு மூட்டைதான். ஒரே ஒரு பிற்பகலை எடுத்துக்கொள் என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார்.

அந்தப் பிற்பகல் 1920 நவம்பர் 28. கார்க் மாவட்டத்தின் கில்மைக்கேலில், டாம் பேரி தலைமையில் ஐஆர்ஏ (அயர்லாந்து குடியரசுப் படை) படையினர் சாலையோரம் பதுங்கி, பிரித்தானிய அரசின் துணைக் காவல் படையான ஆக்சிலியரியின் இரண்டு லாரிகளைத் தாக்கினார்கள். ஆக்சிலியரிகள் 17 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் தப்பியோடிப் பின்னர் பிடிபட்டவர். ஐஆர்ஏ தரப்பில் மூவர். ஆக்சிலியரிகள் சரணடைவதாகச் சொல்லிவிட்டு மறுபடி சுட்டார்கள், அதனால்தான் யாரையும் விட்டுவைக்கவில்லை என்பது பேரியின் கூற்று. அப்படியொரு பொய்ச் சரணடைவு நடக்கவே இல்லை என்று 1998இல் வரலாற்றாசிரியர் பீட்டர் ஹார்ட் எழுதினார். வரலாற்றாசிரியர் மெடா ரையன் உள்ளிட்டோர் மறுத்தார்கள். தாக்குதலில் பங்கேற்றவர்களிடம் எடுத்ததாக, அவர்கள் பெயரைக் குறிப்பிடாமல் ஹார்ட் காட்டிய நேர்காணல்களில் ஒன்றின் தேதி 1989 நவம்பர் 19. தாக்குதலில் பங்கேற்றவர்களில் கடைசியாக உயிரோடிருந்தவராக அறியப்பட்ட நெட் யங், அதற்கு ஆறு நாள் முன்பே இறந்திருந்தார். ஓர் அடிக்குறிப்பு இத்தனை பேரை இத்தனை ஆண்டுகள் சண்டையிட வைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இங்கேதான் நான் வழுக்கினேன். வரலாற்றாசிரியர்களை, போரின் வழக்கமான கதையைக் கேள்வி கேட்கும் திருத்தல்வாதிகள், அதைக் காக்கும் தேசியவாதிகள் என்று இரண்டு கூடையில் போட்டு முதல் இயலை முடித்தேன். படிக்கச் சுகமாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த இயலில் போராளிகளின் வாக்குமூலங்களை வரிசையாக எடுத்தாண்டேன். திரும்பி வந்த பிரதியில் நான்கு இடங்களில் பென்சிலால் ஒரே கேள்வி: “எப்போது சொன்னார்?”

அந்த வாக்குமூலங்கள் இராணுவ வரலாற்றுப் பணியகம் திரட்டியவை. அதை 1947இல் அயர்லாந்து அரசு அமைத்தது. 1957 வரை 1,773 பேரிடம் பெற்றது. 1920இல் துப்பாக்கி பிடித்தவர் முப்பது ஆண்டு கழித்துப் பேசுகிறார். நான் அவற்றை மறுநாள் காலையில் எழுதிய நாட்குறிப்பைப் போல எடுத்தாண்டிருந்தேன். தவிர, 2003 வரை அவை பொதுப் பார்வைக்கு வரவில்லை. ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்ததும் அது வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். ஆசிரியரின் கொள்கையைப் பிறகு பார்க்கலாம்.

ஒவ்வொரு வாக்குமூலத்தின் முதல் பக்கத்தையும் நிதானமாகப் படியுங்கள். சாட்சியின் பெயர், அன்று வகித்த பொறுப்பு, பேசும் பொருள், அவர் விதித்த நிபந்தனை என்று கட்டங்கள் இருக்கும். நிபந்தனைக் கட்டத்தில் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே இருக்கும். நானும் முதலில் தாண்டிப் போனவன்தான். பிறகு நோட்டில் நான்கு நெடுவரிசை போட்டேன்: நடந்த ஆண்டு, சொன்ன ஆண்டு, யாரிடம், எதற்காக. போராளிகள் அரசிடம் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்த கோப்புகளுக்கு நான்காவது நெடுவரிசைதான் உயிர். சேவைக் காலத்தை நிரூபித்தால்தான் பணம் என்னும்போது மனிதர் எதைக் கூட்டிச் சொல்வார் என்று யோசிக்க வேண்டும்.

1922இல் டப்ளின் ஆவணக் காப்பகமே எரிந்துவிட்டதே, எதைப் படித்தாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எரிந்தவை பெரும்பாலும் முந்தைய நூற்றாண்டுகளின் ஆவணங்கள். இந்தக் காலத்துக்குத் தாள் பஞ்சமில்லை. படித்து முடிக்கத்தான் ஆயுள் போதாது.

வாய்மொழித் தேர்வில், பொய்ச் சரணடைவு உண்டா இல்லையா என்று கேட்பார்கள் என நடுங்கிக்கொண்டு போனேன். தேர்வாளர் கேட்டது வேறு: “உங்கள் சாட்சி எந்த லாரிக்குப் பக்கத்தில் இருந்தார்?” சர்ச்சை முழுவதும் இரண்டாவது லாரியைச் சுற்றியது, முதல் லாரியை எதிர்கொண்டவருக்கு அங்கே நடந்தது எவ்வளவு தெரிந்திருக்கும்? நல்ல வேளை, யார் எங்கே நின்றார் என்று கையால் வரைந்த படம் ஒன்றைப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன் வைத்தேன்.