தப்போடும் ஜெயிக்கிற நிரல்

செஸ் ஆடும் நிரலில் உட்கார்ந்திருக்கும் பிழை, பெரும்பாலும் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. அதுதான் அதன் ஆபத்து. கணக்கு மென்பொருளில் வட்டி தப்பாக வந்தால் மறுநாளே வாடிக்கையாளர் போன் செய்துவிடுவார். செஸ் இன்ஜின் நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கிறது. அதில் ஒரு பங்கைத் தப்பாகப் பார்த்தாலும் எதிரே இருக்கும் மனிதரைத் தோற்கடித்துக்கொண்டேதான் இருக்கும். "நல்லாத்தானே ஆடுது" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

யாங்கோனில் அனோரதா சாலைக் காளி கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் எங்கள் அலுவலகம். நானும் மோல்மீனிலிருந்து வந்த ஒரு தம்பியும் தமிழர்கள், மற்றவர்கள் பர்மியர்கள். ஆண்ட்ராய்டு போனுக்கு ஒரு செஸ் ஆப் செய்து வெளியிட்டிருந்தோம். அதிலேயே பர்மாவின் சொந்தச் சதுரங்கமான சிட்டுயினையும் சேர்ப்பது என்று முடிவானது. எல்லோரும் பயன்படுத்தும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் ஜிபிஎல் உரிமத்தில் வருவதால், அதை உள்ளே வைத்து வெளியிட்டால் ஆப்பின் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். நிர்வாகத்துக்கு அதில் விருப்பமில்லை. ஆகவே நாங்கள் எழுதிய இன்ஜினையே வளைக்க வேண்டியிருந்தது. ஸ்டாக்ஃபிஷ்ஷின் கிளையான ஃபேரி ஸ்டாக்ஃபிஷ் சிட்டுயினும் ஆடும். அதை எண்ணிக்கை சரிபார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

சிட்டுயின் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பலகை அதே 64 கட்டம். மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் வரைந்திருக்கும். ராணி கிடையாது, அந்த இடத்தில் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் போகும் சேனாதிபதி. யானை மூலைவாட்டில் ஒரு கட்டமோ நேர் முன்னால் ஒரு கட்டமோ போகும். நம் ஊர் செஸ்ஸில் யானை போகிற மாதிரி நேராக ஓடுவது இங்கே ரதம். ஆட்டம் தொடங்கும்போது பலகையில் சிப்பாய்கள் மட்டும்தான் நிற்கும்: இடப்பக்க நான்கும் மூன்றாம் வரிசையில், வலப்பக்க நான்கும் நான்காம் வரிசையில். மற்ற காய்களை இருவரும் மாறி மாறி, தங்கள் சிப்பாய்களுக்குப் பின்னால் விரும்பிய இடத்தில் (ரதத்தை மட்டும் தங்கள் கடைசி வரிசையில்) வைக்கிறார்கள். எதிரியின் பாதியில் அந்தக் கோடுகள் போகும் எட்டுக் கட்டங்களில் ஒன்றில் நிற்கும் சிப்பாய் சேனாதிபதியாகலாம், ஆனால் தன் சேனாதிபதி ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தால் மட்டும். நின்ற இடத்திலேயே ஆகலாம் என்பதுதான் எங்களைப் பல வாரம் உட்கார வைத்த விதி.

இந்த வேலையில் நான் முழுதாக நம்புவது பெர்ஃப்ட் என்கிற எண்ணும் சோதனையைத்தான். ஒரு நிலையிலிருந்து இத்தனை நகர்வு ஆழத்துக்குச் சாத்தியமான எல்லா வழிகளையும் நிரல் எண்ண வேண்டும், அவ்வளவுதான். எது நல்ல நகர்வு என்ற கேள்வியே கிடையாது. உலகச் செஸ்ஸின் தொடக்க நிலைக்கு அந்த எண்கள் 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று போகும். உலகம் முழுக்க இன்ஜின் எழுதுகிறவர்கள் இவற்றோடுதான் ஒப்பிடுகிறார்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ ஒரு விதி தப்பு.

சிட்டுயினுக்கு அந்த எண்களை முதலில் காகிதத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தம்பி உட்கார்ந்து போட்டான். இடப்பக்கச் சிப்பாய்களுக்குப் பின்னால் 8 கட்டம், வலப்பக்கம் 12, ஆக 20. ராஜா, சேனாதிபதி, யானை, குதிரை நான்கையும் இந்த 20 கட்டங்களில் எங்கும் வைக்கலாம்: 80. ரதத்தைக் கடைசி வரிசையில் மட்டும்: 8. மொத்தம் 88. எதிராளிக்கும் 88 என்பதால் இரண்டாம் ஆழத்தில் 7,744. மூன்றாவதுக்கு, முதலில் வைத்த காய் எது, கடைசி வரிசையில் இருக்கிறதா என்று பிரித்துப் பிரித்துக் கூட்டினால் 5,80,096. எங்கள் நிரலும் அதையே சொன்னது, ஃபேரி ஸ்டாக்ஃபிஷ்ஷும் அதையே சொன்னது. அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் பெரிய திருப்தி.

ஆனால் அந்தத் திருப்தி பாதி வேலைக்குத்தான் பொருந்தும். தொடக்க நிலையிலிருந்து எண்ணினால் காய் வைத்து முடிக்கவே 16 நகர்வு போய்விடும். அப்புறம் சேனாதிபதி வெட்டுப்பட்டு, சிப்பாய் கோட்டுக்கு வந்து சேரும் ஆழம் வரை எந்தக் கணினியும் எண்ணி முடிக்காது. தொடக்க எண்கள் சரியாக இருந்தபோதே அந்த விதி உடைந்திருந்தது.

எப்படி உடைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இன்ஜினில் ஒரு நகர்வு என்பது 16 பிட், அதாவது 0 அல்லது 1 ஆக இருக்கும் 16 இலக்கம். ஆறு பிட் கிளம்பும் கட்டம், ஆறு பிட் சேரும் கட்டம், மீதி நான்கு நகர்வின் வகை. கிளம்பும் கட்டமும் சேரும் கட்டமும் ஒன்றாக இருந்தால் அது 'நகர்வே இல்லை' என்று பொருள். உலகச் செஸ்ஸுக்கு எழுதும் நிரல்களில் இது பழக்கமான ஏற்பாடு, அந்த ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே நகர்வது என்று ஒன்று இல்லையே. அதனால் நின்ற இடத்தில் சேனாதிபதியாகும் நகர்வை, ஏற்கெனவே யோசித்த நிலைகளைச் சேமித்து வைக்கும் நினைவு அட்டவணையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் நிரல் அதைக் காலி என்று ஒதுக்கியது. இதாவது வேகத்தைத்தான் குறைக்கும். இன்னொன்று மோசம். எந்தக் கட்டங்களில் காய் இருக்கிறது என்பதை ஒரு 64 பிட் எண்ணில் வைத்திருக்கிறோம். காய் நகர்ந்தால் கிளம்பிய கட்டம், சேர்ந்த கட்டம் இரண்டுக்குமான பிட்களைப் புரட்டிவிடுவோம். ஒன்று அணையும், ஒன்று எரியும். இரண்டும் ஒரே கட்டமானால் புரட்டுவதற்கு ஒரு பிட்தான் இருக்கும். அது அணைந்துவிடும். புதுச் சேனாதிபதி அங்கே நிற்கிறார், நிரலுக்கோ அந்தக் கட்டம் காலி. ரதம் அவரை ஊடுருவி அந்தப் பக்கம் போய்விடும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். யோசித்து முடித்து நகர்வைத் திரும்ப எடுக்கும்போது அதே பிட் மறுபடி புரள்கிறது, மறுபடி எரிகிறது. பலகை பழையபடி சுத்தமாகிவிடுகிறது. சிந்தனைக்கு உள்ளே மட்டும் நடக்கும் தப்பு வெளியில் எந்தத் தடயமும் விடவில்லை. ஆப் ஜெயித்துக்கொண்டிருந்தது. மதிப்பீடு கொஞ்சம் பிசகியிருந்தாலும் மற்ற லட்சக்கணக்கான நிலைகள் அதை ஈடுகட்டிவிட்டன.

அதைப் பிடித்துக் கொடுத்தவர் நிரல் எழுதத் தெரியாத ஒருவர். வடமேற்கு பர்மாவிலிருந்து வந்து யாங்கோனில் மகன் வீட்டில் இருக்கும் பெரியவர். நாங்கள் அவரைச் சயா (பர்மிய மொழியில் ஆசிரியர்) என்றுதான் கூப்பிடுவோம். டீக்கடையில் பலகையோடு உட்காருவார். ஆப்பை அவரிடம் கொடுத்து ஆடச் சொன்னபோது பிழை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த சிக்கலான இறுதி நிலைகளைப் பலகையில் அடுக்கச் சொன்னோம், அதனால்தான் தெரிந்தது. சேனாதிபதி இல்லாத பக்கம், கோட்டில் நிற்கும் சிப்பாய், அதே வரிசையில் எதிரி ரதம் என்று அவர் அடுக்க அடுக்கத் தம்பி எழுதிக்கொண்டு வந்தான். அவற்றில் ஒன்றை இரண்டு ஆழம் எண்ணியபோது, கையால் எண்ணியதைவிட எங்கள் நிரல் அதிகம் காட்டியது. "அண்ணே, ரதம் ஆளைத் தாண்டிப் போகுது" என்று தம்பி சொன்னபோது மீதி எல்லாம் ஒரு மாலைக்குள் முடிந்தது. சயா அடுக்கிய நிலைகள் எல்லாம் இன்று எங்கள் சோதனைக் கோப்பில் இருக்கின்றன. யார் நிரலை மாற்றினாலும் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். அந்தக் கோப்பை இந்த ஆப்பின் மிக மதிப்புள்ள பகுதியாக நினைக்கிறேன்.

பயனர்கள் சொல்லிக் கிடைத்த பிழையும் உண்டு. இன்ஜின் வெல்லும் நிலைக்கு வந்துவிட்டு, ராஜாவை மடக்கி மேட் கொடுக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார்கள். காரணம் நினைவு அட்டவணை. '3 நகர்வில் மேட்' என்பதை யோசனை தொடங்கிய இடத்திலிருந்து கணக்கிட்டு அப்படியே சேமித்திருந்தோம். அதே நிலை வேறு ஆழத்தில் வரும்போது அந்த மூன்றுக்கு அர்த்தமில்லை. எந்த வழியும் ஒரே மாதிரி நல்லதாகத் தெரியும், நிரல் எதையாவது எடுக்கும். சேமிக்கும்போது அந்த எண்ணிலிருந்து அதுவரை வந்த ஆழத்தைக் கழித்து, எடுக்கும்போது அப்போதைய ஆழத்தைக் கூட்டினால் சரி. இரண்டு வரி. ராணி இல்லாத சிட்டுயினில் மேட் மெதுவாக வருவதால் அங்கேதான் இது கண்ணில் உறுத்தியது.

புது வசதிகளில் எனக்குப் பிடித்தது, இன்ஜினின் பலத்தைத் தேர்ந்தெடுக்கும் படிகளை மாற்றியது. 'சுலபம் என்றால் ஒரு நொடி யோசி' என்று முன்பு இருந்தது. விலை உயர்ந்த போனில் அந்த ஒரு நொடி கடுமையான எதிரி, மலிவான போனில் விளையாட்டுப் பிள்ளை. இப்போது நொடிக்குப் பதில் இத்தனை நிலைகள் பார் என்று எண்ணிக்கை வைத்துவிட்டோம். எல்லாப் போனிலும் ஒரே பலம். எதிராளி யோசிக்கும்போது இன்ஜினும் யோசிப்பதையும் நிறுத்தினோம். கரண்ட் மணிக்கணக்கில் வராத ஊரில் ஒருவருடைய பேட்டரியைச் சதுரங்கத்துக்காகத் தின்பது சரியில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

பர்மிய எழுத்து இன்னொரு தொல்லை. 2019 அக்டோபரில் அரசு, உலகப் பொது எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாறியது. பழைய ஜாஜி எழுத்துரு உள்ள போன்களில் காய்களின் பெயர்கள் சிதைந்து தெரிந்தன. எந்தக் குறியீடு என்று கண்டுபிடிக்கும் கருவிகளுக்குக் கொஞ்சம் நீளமான வாக்கியம் வேண்டும், ஒரே சொல்லுக்கு அவை தடுமாறும். பெயர்களை எடுத்துவிட்டுப் படங்களாகப் போட்டோம்.

தீராமல் இருப்பது, தொடக்கத்தில் காய் வைக்கும் பகுதி. முதல் 16 நகர்வில் மோதலே பெரிதாக இல்லை, ஆகவே எவ்வளவு தேடினாலும் இன்ஜினுக்கு எந்த அடுக்கு நல்லது என்று தெரிவதில்லை. ராஜாவைக் காரணமில்லாமல் திறந்த பக்கத்தில் வைக்கும். சயாவுக்கு அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. அவர் வழக்கமாக அடுக்கும் முறைகளை ஒரு பக்கமும் இன்ஜின் தானாக அடுக்குபவற்றை மறுபக்கமும் வைத்து, இன்ஜினை அதோடேயே ஆயிரக்கணக்கில் ஆட விட்டுக்கொண்டிருக்கிறோம். இரவில் ஓடும், கரண்ட் போனால் நின்ற இடத்திலிருந்து தொடரும்படி எழுதியிருக்கிறோம். இதுவரை வந்ததில் சயாவின் அடுக்குகள்தான் முன்னால் இருக்கின்றன.