சின்னவனின் காது

ஜனவரி 8

நாலு நாளாகச் சின்னவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளிதானே என்று விட்டுவிட்டேன். நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு வீறிட்டு எழுந்தான். தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் அடங்குகிறான், படுக்க வைத்தால் மறுபடி அழுகை. இரண்டரை வயது. "வலிக்குது" என்று சொல்லத் தெரிகிறது. எங்கே என்பதை, வலது காது மடலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்த கைதான் சொன்னது.

ஜனவரி 9

டாக்டர் காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார். செவிப்பறை சிவந்து, வெளிப்பக்கமாக உப்பியிருக்கிறதாம். நடுக்காதில் தொற்று. குளிப்பாட்டும்போது தண்ணீர் போயிருக்குமோ என்று ராத்திரி முழுக்க மனது அடித்துக்கொண்டது, அதையே கேட்டேன். வெளியிலிருந்து வரும் தண்ணீரைச் செவிப்பறை தடுத்துவிடும், இது மூக்குப் பக்கமிருந்து வந்தது என்றார்.

காகிதத்தில் வரைந்தும் காட்டினார். மூக்கின் பின்பக்கத்துக்கும் நடுக்காதுக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய், யூஸ்டேசியன் குழாய். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து காற்றை உள்ளே விடும். சளி பிடித்தால் அதன் உட்சுவர் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே மாட்டிய காற்று மெல்ல உறிஞ்சப்பட்டு அழுத்தம் குறைய, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. மூக்கின் பின்னாலிருந்து பாக்டீரியா வந்து அதில் பெருகினால் சீழ். அது செவிப்பறையை உள்ளிருந்து தள்ளுவதுதான் இந்த வலி.

பெரியவர்களுக்கு அந்தக் குழாய் சுமார் 45 பாகை சரிந்து இறங்கும். கைக்குழந்தைகளுக்கோ கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில், பாதி நீளத்தில் இருக்கும். நீர் வடியவும் சிரமம், கிருமி ஏறவும் சுலபம். 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள்தான் இது அதிகம். பள்ளிக்கூடம் போகும் முன்பே பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தடவையாவது இதைப் பட்டுவிடுகிறார்கள் என்றார். கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரு காதில் மட்டும், காய்ச்சலும் லேசு, 2 வயதும் தாண்டியாயிற்று. அதனால் ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் பார்ப்போம் என்றார். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையென்றால் காத்திருக்க மாட்டாராம்.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பார்களா என்றும் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். புகைபடும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி வருமாம்.

ஜனவரி 11

விடியும்வரை தூங்கினான். நானும். ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை.

ஜனவரி 25

வலியில்லை, காய்ச்சலில்லை. ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. அடமென்று நினைத்து இரண்டு தடவை அதட்டிவிட்டேன். இன்று மறுபடி காட்டினோம். தொற்று போய்விட்டது, நீர் மட்டும் இன்னும் தேங்கியிருக்கிறது. பல பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் நிற்குமாம். மூன்று மாதமாகியும் வடியாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். அதட்டியது நெஞ்சை அறுக்கிறது.

பிப்ரவரி 14

இப்போதெல்லாம் அவன் முன்னால் மண்டியிட்டு, முகம் பார்த்துத்தான் பேசுகிறேன். இவர் சிகரெட்டைத் தொட்டு ஒரு மாதமாகிறது. அடுத்த பரிசோதனை மார்ச் முதல் வாரம்.