கொடுமுடித் தீர்த்தமும் எங்கள் பங்காளிகளும்

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் எல்லாச் சீமையிலும் இருக்கிறார்கள், அதிலும் நகரத்தார் காவடி தலைமுறை தலைமுறையாகப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் கொங்குப் பக்கம் பெரிய நோம்பி என்றால் பங்குனி உத்திரம். கொடுமுடியில் காவிரித் தண்ணீர் எடுத்து, காவடி கட்டி, வெயிலில் நடந்து போய்ப் பழனி ஆண்டவருக்கு அபிஷேகத்துக்குக் கொடுப்பது. நவபாஷாண மூர்த்திக்கு பங்குனி வெயிலில் உடம்பு சுடும், காவிரித் தண்ணீர் ஊற்றினால்தான் குளிரும் என்று எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சொல்வார்.

இப்போதெல்லாம் தீபாவளிக்கு ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். பொங்கலுக்கு வந்தாலும் பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். கட்டிக்கொடுத்துவிட்ட நான் கோயமுத்தூரிலிருந்து வருவதே பெரிய காரியம். ஆனால் தீர்த்தம் எடுக்கும்போது மட்டும் ஒருத்தரும் சாக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் பங்காளிகள் எல்லோருக்கும் சேர்த்துக் காவடி ஒன்றுதான், அதைத் தூக்கத் தோள் நிறைய வேண்டும்.

கொடுமுடியை அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடாது. தெற்கு நோக்கி வந்துகொண்டிருந்த காவிரி கிழக்கே திரும்புகிற இடம் அது. மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா என்று மூன்று பேரும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள். சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியது இங்கேதான். கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் இதுதான், அந்தக் குரல் இந்தத் தண்ணீரில் வந்தது என்று அம்மா வருசம் தவறாமல் சொல்வாள், நாங்களும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவோம். விடிகாலையில் ஆற்றில் முழுகி, பித்தளைச் சொம்புகளில் தண்ணீர் மொண்டு, அதில் வன்னி இலை போட்டு, வாயை மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். வன்னி இலை போட்டால் எத்தனை நாளானாலும் தண்ணீர் கெடாது என்பது நம்பிக்கை. துணி கட்டுவது மட்டும் எங்கள் அத்தையின் வேலை. மற்றவர்கள் கட்டினால் முத்தூர் தாண்டுவதற்குள் ஒழுகிவிடும் என்று அவர் யாரையும் தொடவிட மாட்டார்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ரொம்ப நாளாகப் பேச்சு இல்லை. சித்தப்பா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல, பங்காளி வகையில் தம்பி முறை. பொதுக் கிணற்றில் தண்ணீர் முறை வைத்ததில் வந்த வம்பு. கல்யாண வீடுகளில் ஆளுக்கொரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம், ஒன்றும் தெரியாது. காவடியில் அது நடக்காது. தீர்த்தத்தைத் தரையில் வைக்கக்கூடாது என்பது எங்கள் முறை. அதனால் ஒருத்தர் தோளிலிருந்து இன்னொருத்தர் தோளுக்கு நேராக மாற்ற வேண்டும், இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நெருங்கி நிற்க வேண்டும், வாயைத் திறந்து சொல்லாமல் கையை எடுத்தால் சொம்பு சாய்ந்துவிடும். தாராபுரம் வருவதற்கு முன்னால், தார் ரோடு கொதிக்கிற நேரத்தில், அப்பாவுக்குத் தோள் தளர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தது சித்தப்பாதான். பையன்கள் எல்லாம் மேளத்தோடு முன்னால் ஆடிக்கொண்டு போய்விட்டார்கள்.

“தோளு மாத்துங்கண்ணா.”

“புடிச்சுட்டயா?”

“புடிச்சுட்டனுங்க, உடுங்க.”

“சொம்பு சாயுது பாரு, இடது கைய மேல குடு.”

அவ்வளவுதான் பேசினார்கள். பின்னால் வந்த நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு “அரோகரா” என்று கொஞ்சம் சத்தமாகவே கத்தினோம்.

முருகன் கோயிலுக்குப் போனால் மனசு மாறிவிடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கென்னவோ மனசு தானாக மாறுவதில்லை என்றுதான் தோன்றுகிறது. சேர்ந்து செய்தாக வேண்டிய வேலை ஒன்றை நோம்பி தலையில் கட்டுகிறது, ஆளுக்கொரு கை வைக்காமல் அது நடக்காது. கிணற்று விவகாரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி தங்கின இடத்தில் அரிசியும் பருப்பும் சாதம். காப்புக் கட்டியதிலிருந்து கவிச்சி கிடையாது, பாயில்தான் படுக்கை. பெரிய அண்டாவில் பருப்பைப் போட்டு, சின்ன வெங்காயம் உரிக்க மருமகள்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தால் வெங்காயத்தைவிட ஊர்க்கதைதான் அதிகம் உரியும். பெங்களூரிலிருந்து வந்த தம்பி பெண்டாட்டிக்கு உள்ளங்காலில் கொப்புளம். அவளை உட்காரவைத்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, விளக்கெண்ணெய் தடவியது என் மாமியார். சம்பந்தி வீட்டு ஆள், அவர் செய்ய வேண்டியதே இல்லை. “வேண்டாங்க அத்தை” என்று அவள் காலை இழுக்க இழுக்க, “சும்மா இரு கண்ணு” என்று பிடித்துவைத்துக்கொண்டார்.

பழனியில் சண்முகநதியில் முழுகிவிட்டு, முதலில் அடிவாரத்துத் திருஆவினன்குடி, பிறகு கிரிவீதி சுற்று, அப்புறம்தான் மலை. மொத்தம் 693 படி. முடியாதவர்களுக்கு விஞ்சும் ரோப் காரும் இருக்கின்றன, ஆனால் உத்திரத்தன்று அந்த வரிசையில் நிற்பதற்குப் படியே ஏறிவிடலாம். பாதி மலையில் இடும்பன் சன்னதி. முதல் காவடி எடுத்தவர் அவர், அவரைக் கும்பிடாமல் மேலே போவதில்லை. தீர்த்தத்தைக் கொடுத்துவிட்டு ராஜ அலங்காரத்தில் பார்த்தது ஒரு நொடிதான், கூட்டம் தள்ளிவிட்டது. போகர் சமாதிப் பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். வேர்த்து ஊற்றியது. அப்பாருக்குக் கண் கலங்கியிருந்தது, வெயில் என்றார்.

இறங்கி வந்ததும் பஞ்சாமிர்தக் கணக்கு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பஞ்சாமிர்தம், விருப்பாச்சி மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை எல்லாம் போட்டது. அதை யார் யார் வீட்டுக்கு எத்தனை டப்பா என்று எழுதுவதற்குள் ஒரு சின்ன பட்ஜெட் கூட்டமே நடந்துவிடும். இந்த முறை அதைவிடப் பெரிய வாக்குவாதம், அடுத்த பங்குனி வரைக்கும் காவடி யார் வீட்டில் இருப்பது என்று. சித்தப்பா தன் வீட்டில்தான் என்று பிடிவாதமாக நின்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, வெச்சுக்கோ. மயில் பீலிய பூச்சி அரிச்சுரும், நொச்சித் தழை போட்டு வை” என்றார். “எங்கூட்ல நொச்சி இல்லீங்கண்ணா” என்றார் சித்தப்பா. “எங்க தோட்டத்து வேலியில கெடக்குது, வந்து ஒடிச்சுட்டுப் போ.”