16 வார்த்தைக்கு ஒரு செமஸ்டர்

சென்ற வாரம் மதுரையிலிருந்து ஜூனியர் ஒருவன் போன் செய்தான். வரும் ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படிக்கப் போகிறான். "அக்கா, கான்ஸ்டிடியூஷனல் லா எடுக்கலாம்னு இருக்கேன். அந்த சர்ச் அண்ட் ஸ்டேட் பகுதி, அதான் மதத்தையும் அரசையும் பிரிக்கிற பகுதி, ஈஸிதானே? சட்டமே ஒரு வரிதானே?" என்று கேட்டான். சிரிப்பு வந்துவிட்டது. விமானம் ஏறும்போது நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சட்டம் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1791இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தத்தின் தொடக்கத்தில், ஆங்கிலத்தில் எண்ணினால் 16 வார்த்தைகள். அரசு மதம் என்று ஒன்றை நிறுவும் வகையில் காங்கிரஸ், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றம், சட்டம் இயற்றக் கூடாது என்பது முதல் பாதி. அவரவர் மதத்தைப் பின்பற்றும் சுதந்திரத்தைத் தடுத்தும் சட்டம் இயற்றக் கூடாது என்பது அடுத்த பாதி. முதலாவதை எஸ்டாப்ளிஷ்மென்ட் என்றும் இரண்டாவதை ஃப்ரீ எக்ஸர்சைஸ் என்றும் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இந்த 16 வார்த்தைகளில் சர்ச் என்ற சொல் கிடையாது. பிரிவினை என்ற சொல் கிடையாது. எல்லோரும் சொல்லும் அந்தச் சுவரும் கிடையாது.

சுவர் ஒரு கடிதத்தில் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையார் எழுதிய கடிதத்துக்கு ஜனாதிபதி ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று பதில் எழுதினார். சபைக்கும் அரசுக்கும் நடுவே பிரிக்கும் சுவர் என்ற தொடர் அதில்தான் இருக்கிறது. அந்த நாளில் கனெக்டிகட்டில் காங்கிரிகேஷனல் என்ற இன்னொரு கிறிஸ்தவச் சபைக்குத்தான் அரசின் ஆதரவு. 1818 வரை அப்படித்தான். பாப்டிஸ்டுகள் அங்கே சிறுபான்மை. இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சாமி கும்பிடாதவர்கள் கேட்டு வாங்கிய சுவர் என்று நான் நினைத்திருந்தேன். அது பக்கத்துச் சபையின் ஆதிக்கத்தில் நொந்துபோன பக்தர்களுக்கு எழுதிய ஆறுதல். அரசைச் சபையிடமிருந்து காப்பாற்றவா, சபையை அரசிடமிருந்து காப்பாற்றவா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஒரு தனிக் கடிதத்தை வைத்தா அரசியல் சட்டத்துக்குப் பொருள் சொல்வது என்று கேட்கிற மூன்றாவது கட்சியும் உண்டு. நீதிபதி ரென்குவிஸ்ட் 1985இல் ஒரு மாறுபட்ட தீர்ப்பில் அந்தச் சுவர் உவமையையே தூக்கிப் போட வேண்டும் என்று எழுதினார்.

ஒரு கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். 1791இல் திருத்தம் வந்த பிறகும் 1818 வரை ஒரு மாநிலம் எப்படி ஒரு சபையை ஆதரிக்க முடிந்தது? திருத்தம் கட்டுப்படுத்தியது காங்கிரஸை மட்டும்தான். மாநிலங்களை அது கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பின்னாளில், 14வது திருத்தத்தின் வழியாக: ஃப்ரீ எக்ஸர்சைஸுக்கு 1940இல், எஸ்டாப்ளிஷ்மென்டுக்கு 1947இல். தேர்வில் மாநில அரசோ பள்ளி நிர்வாகமோ வந்தால் இந்த ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு மேலே போங்கள். நம்மூர் மாணவர்கள் நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நமக்கு அப்படி ஒரு பழக்கமே இல்லை, அதனால்தான்.

அந்த 1947 வழக்கு எவர்சன். தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், சுருக்கம் போதாது. கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தையும் நியூ ஜெர்சியில் ஒரு கல்வி வாரியம் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்தது. நீதிபதி பிளாக் ஜெபர்சனின் சுவரை எடுத்து, அது உயரமாக, யாரும் தாண்ட முடியாததாக இருக்க வேண்டும் என்று முழங்குகிறார். படிக்கும்போது, சரி, பணம் கொடுத்தது செல்லாது என்று சொல்லப் போகிறார் என்று நினைப்போம். செல்லும் என்று முடிக்கிறார்! ஐந்துக்கு நான்கு. பிரிவினை பற்றி இவ்வளவு பேசிவிட்டு இப்படி முடிப்பது பொருந்தவில்லையே என்று நீதிபதி ஜாக்சன் மாறுபட்ட தீர்ப்பில் கேட்டார். போலீஸ், தீயணைப்பு வண்டி மாதிரி எல்லோருக்கும் பொதுவான உதவி என்பது பிளாக்கின் வாதம். சுவரைப் பற்றிய மிகப் பலமான வாக்கியம், சுவரில் வாசல் வைத்த தீர்ப்பில் இருக்கிறது. இந்தப் பாடத்தில் வாக்கியங்களை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை என்பது அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

இடைத்தேர்வில் அடி வாங்கினேன். அங்கே அவுட்லைன் என்று ஒன்று சுற்றும்; மூத்த மாணவர்கள் பாடத்தைச் சுருக்கி எழுதிய குறிப்பு. எனக்குக் கிடைத்தது 2018ஆம் ஆண்டுக் குறிப்பு, 60 பக்கம், கலர் கலராகக் கோடு போட்டது. அதில் லெமன் என்ற 1971 வழக்கின் மூன்று படிச் சோதனை அருமையாக இருந்தது: சட்டத்தின் நோக்கம் மதச்சார்பற்றதா, அதன் முதன்மையான விளைவு மதத்தை வளர்ப்பதா ஒடுக்குவதா, அரசும் மதமும் அளவுக்கு மீறிப் பின்னிக்கொள்கின்றனவா. மூன்று தலைப்பு, மூன்று பத்தி. நம்மூர்ப் பத்து மார்க் கேள்விக்கென்றே செய்தது போல இருந்தது. கேள்வியில் ஒரு ஊர் நீதிமன்ற வாசலில் பத்துக் கட்டளைகள் பொறித்த புதுக் கல்லை வைக்கிறார்கள். நான் குஷியாக மூன்று படியும் ஏறி இறங்கினேன். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இது எந்த வருடம்?

2022 ஜூன் 27 அன்று கென்னடி எதிர் பிரெமர்டன் தீர்ப்பில், லெமனை எப்போதோ கைவிட்டாயிற்று என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி வரலாற்று நடைமுறையையும், அது அந்தக் காலத்தில் எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டுமாம். ஆகவே யார் அவுட்லைன் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். லெமனைப் படிக்காமலும் இருக்க முடியாது. 50 வருடத் தீர்ப்புகள் அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்தில் இருந்த சோதனை என்று எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கென்னடி வழக்கில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு அரசுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுக்கோட்டில் மண்டியிட்டு ஜெபிக்கிறார். நீதிபதி கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பைப் படித்தால், ஒரு தனி மனிதர் ஓரமாக, அமைதியாகச் செய்த சின்ன ஜெபம். இதைத் தடுத்தது ஃப்ரீ எக்ஸர்சைஸுக்கும் பேச்சுரிமைக்கும் விரோதம் என்று தோன்றும். அப்புறம் நீதிபதி சோட்டோமயரின் மாறுபட்ட தீர்ப்பைத் திறங்கள். அதில் புகைப்படங்களே இருக்கின்றன! பயிற்சியாளரைச் சுற்றி விளையாட்டு வீரர்கள் கூட்டமாக மண்டியிட்டிருக்கிறார்கள். இப்போது அதே ஜெபம், அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்று பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கும் 16 வயதுப் பையனுக்கு என்ன பொருள் தரும் என்ற கேள்வி எழுகிறது. 6-3 என்று முடிந்த இந்த வழக்கில் இரு தரப்பும் சட்டத்தில் சண்டை போடும் முன்பே, என்ன நடந்தது என்பதிலேயே சண்டை போடுகின்றன. தேர்வில் கேள்வி பெரிய கதையாக வரும். அதில் யார் எங்கே நின்றார்கள், பணி நேரமா, பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்களா என்று ஒரு வரி சும்மா எழுதியிருக்க மாட்டார்கள். அங்கேதான் மதிப்பெண்.

இடைத்தேர்வு ரணம் ஆறாத நேரத்தில் ஆஸ்டினில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். டெக்சஸ் சட்டமன்ற வளாகத்தில், வழக்கில் பேர் போன பத்துக் கட்டளைக் கல்லைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன். ஆறடி உயரம். பத்துக் கட்டளைகள், மேலே கொடியைப் பிடித்த கழுகு, முக்கோணத்துக்குள் ஒரு கண், கீழே இரண்டு தாவீது நட்சத்திரங்கள், கிறிஸ்துவைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள். 1961இல் ஒரு சகோதரச் சங்கம் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. சுற்றிலும் வேறு பல நினைவுச் சின்னங்கள். "இதுக்கா இவ்வளவு தூரம் நடக்க வெச்சே?" என்றாள் தோழி. 2005 ஜூன் 27 அன்று, வான் ஆர்டன் வழக்கில் இந்தக் கல் இருக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதே நாள், மெக்ரியரி வழக்கில், கென்டக்கி நீதிமன்றங்களில் மாட்டிய பத்துக் கட்டளைகளை அனுமதிக்க முடியாது என்றது. இரண்டும் ஐந்துக்கு நான்கு. இரண்டிலும் வென்ற பக்கம் நின்றவர் நீதிபதி பிரையர் ஒருவரே. 40 வருடம் யாரையும் உறுத்தாமல் நின்ற கல் வேறு, நேற்று மத நோக்கத்தோடு மாட்டிய சட்டகம் வேறு என்பது அவர் கணக்கு. அந்தக் கல்லின் முன் நின்றபோதுதான் என் விடைத்தாளில் எது தவறு என்று விளங்கியது. கேள்வியிலேயே 'புதுக் கல்' என்று கொடுத்திருந்தார்கள். நான் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு வழுக்கல் உண்டு. வகுப்பில் பேராசிரியர் திடீரென்று பெயரைக் கூப்பிட்டுக் கேட்பார். கோல்டு கால் என்பார்கள். ஒரு சபையின் கணக்கு வழக்கு மோசமாக இருந்தால் அரசு நிர்வாகியை நியமிக்கலாமா என்று என்னைக் கேட்டார். "தாராளமாக" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இந்து சமய அறநிலையத் துறையும் செயல் அலுவலரும் உண்டியல் எண்ணிக்கையும் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் என்ன தவறு தெரியும்? அங்கே 1952லேயே, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் கட்டுப்பாட்டை ஒரு தரப்பிலிருந்து இன்னொரு தரப்புக்கு மாற்ற நியூயார்க் போட்ட சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. மதச்சார்பின்மை என்று நாம் படித்த சொல்லை அங்கே கொண்டுபோகாதீர்கள். சொல் ஒன்றுபோல் இருந்தாலும் சாமான் வேறு.

அரசுப் பணம் பற்றிய வழக்குகளை வரிசையாகப் படித்தால் ஒரே உட்காரலில் முடிந்துவிடும்: 2002இல் கிளீவ்லாண்ட் வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் உதவிச் சீட்டு), 2017இல் மிசூரி விளையாட்டுத் திடல், 2020இல் மான்டானா பள்ளி உதவித்தொகை, 2022இல் மெய்ன் பள்ளிக் கட்டண உதவி. கொடுக்கலாமா என்று தொடங்கிய கேள்வி, மற்ற தனியார் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டு மதப் பள்ளிக்கு மட்டும் கொடுக்காமல் இருக்கலாமா என்று தலைகீழாக மாறிவிட்டது. முதல் பாதியில் தொடங்கிய வழக்கு இரண்டாம் பாதியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று எழுதினால் பேராசிரியருக்குச் சந்தோஷம்.

இறுதித் தேர்வு 2025 மே முதல் வாரம். புத்தகம் பார்த்து எழுதலாம். ஆனால் தேட நேரம் இருக்காது. நான் கொண்டுபோனது ஒரே ஒரு தாள், வழக்குகள் வருட வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் ஒரே ஒரு முக்கிய விவரம். பேருந்துக் கட்டணம். நடுக்கோடு. 40 வருடக் கல். கேள்வி: ஒரு மாநிலம் மத நிறுவனம் நடத்தும் சார்ட்டர் பள்ளிக்கு (அரசு அனுமதி பெற்று வெளி அமைப்பு நடத்தும் பள்ளி) அரசுப் பணம் கொடுக்கலாமா? ஓக்லஹோமாவின் அதே விவகாரம் ஏப்ரல் 30 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டிருந்தது. சார்ட்டர் பள்ளி அரசுப் பள்ளியா, அரசிடம் ஒப்பந்தம் போட்ட தனியார் பள்ளியா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வாதாடி, அரசுப் பள்ளிதான், ஆகவே கூடாது என்று முடித்தேன்.

"அது சரியான விடையா அக்கா?" என்று கேட்டான் ஜூனியர்.

மே 22 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி பாரெட் விலகிக்கொண்டதால் எட்டுப் பேர். நான்குக்கு நான்கு. கூடாது என்ற மாநில நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. காரணம் சொல்லி ஒரு வரிகூட எழுதவில்லை, முன்னுதாரணமும் ஆகாது. எனக்கு பி பிளஸ்.