எலும்பு வளரும் வரை நிற்க வேண்டிய உலோகம்

முறிந்த எலும்பைத் தாங்கி, பின் உடலுக்குள்ளேயே கரைந்துவிட வேண்டிய நுண்துளைப் பொருத்துகளை, மக்னீசியம் உலோகக்கலவைத் தூளை லேசரால் அடுக்கடுக்காக உருக்கி உருவாக்கும் வேலையில் இறங்கியபோது, துளைகளின் வடிவமைப்புதான் கடினமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். உண்மையான போராட்டம் அந்த உலோகத்தின் கொதிநிலையோடுதான் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

மக்னீசியம் 650 பாகை செல்சியஸில் உருகி, ஏறத்தாழ 1,090 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அலுமினியமும் கிட்டத்தட்ட அதே வெப்பத்தில்தான் உருகுகிறது என்றாலும், அது கொதிப்பதற்கு 2,400 பாகைக்கும் மேல் வேண்டும். லேசரின் ஆற்றலைச் சற்றே கூட்டினாலும் மக்னீசியம் ஆவியாகி, மேலெழும் வேகத்தில் உருகிய குழம்பைக் கலைத்து, சுற்றியுள்ள தூளையும் சிதறடித்துவிடுகிறது. ஆற்றலைக் குறைத்தாலோ, துகள்களைப் போர்த்தியிருக்கும் ஆக்சைடு படலம் விலகாமல், உலோகம் ஒன்றாகப் பரவுவதற்குப் பதிலாகத் தனித்தனி மணிகளாகத் திரண்டு நின்றுவிடுகிறது. கலவையில் துத்தநாகம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் கொதிநிலை 907 பாகைதான் என்பதால் அதுவே முதலில் வெளியேறுகிறது.

ஒருமுறை, அச்சிட்டு முடித்த வலைப்பின்னல் கட்டி ஒன்றைத் தூளிலிருந்து எடுத்தபோது, அதன் கீழ்ப்பாதி உறுதியாகவும் மேற்பாதி விரல் பட்டாலே உதிர்வதாகவும் இருந்தது. இயந்திரத்தின் அமைப்புகளில் எதையும் மாற்றியிருக்கவில்லை. கடைசியில், லேசர் நுழையும் கண்ணாடியைத் துடைத்த துணியில் சாம்பல் நிறக் கரி அப்பிக்கொண்டு வந்தபோதுதான் காரணம் தெரிந்தது: புகையை அடித்துச் செல்ல வேண்டிய ஆர்கான் வாயுவின் ஓட்டம் போதாமல் உலோகப் புகை அந்தக் கண்ணாடியிலேயே படிந்து, அடுக்குக்கு அடுக்கு கற்றையின் வலுவைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கரியை அலட்சியமாகக் கையாளக் கூடாது. அது எளிதில் தீப்பற்றும் நுண்மக்னீசியம். தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிவந்து தீ மேலும் மூளும், கார்பன் டை ஆக்சைடிலும் அது எரியும்.

இத்தனை தொல்லைக்குப் பிறகும் இந்த உலோகத்தை விட மனம் வராததற்குக் காரணம் எலும்புதான். டைட்டானியம் உலோகக்கலவையின் மீள்குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறத்தாழ 110 கிகாபாஸ்கல்; அது எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பாக இருப்பதால், சுமையைத் தானே தாங்கிக்கொண்டு பக்கத்து எலும்பை நாளடைவில் மெலியவைக்கிறது. மக்னீசியத்துக்கோ அது சுமார் 45 மட்டுமே. துளைகள் இட்டால் இன்னும் குறையும். சில நூறு மைக்ரான் அகலமுள்ள துளைகளில் இரத்த நாளங்களும் எலும்புத் திசுவும் புகுந்து வளர, உலோகம் கரைந்து அவற்றுக்கு இடம்விட வேண்டும்.

ஆனால் திசுவை வரவேற்கும் அதே துளைகள்தாம் உடல்நீர் அரிப்பதற்கான பரப்பையும் பெருக்குகின்றன. ஒரு கிராம் மக்னீசியம் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போட், கால் எலும்பு முறிவுக்கு மக்னீசியத் தகட்டைப் பொன்முலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். இரு உலோகங்களின் மின்வேதிச் சேர்க்கையால் தகடு 8 நாட்களில் சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது.

இட்ரியமும் நியோடிமியம் முதலிய அருமண் தனிமங்களும் சேர்ந்த டபிள்யூஇ43 என்ற மக்னீசியக் கலவையில் அச்சிட்ட என் மாதிரியை 37 பாகைக் கரைசலில் இறக்கி, அளவுக்கோடுகள் இட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கவிழ்த்து அதில் வாயுவைச் சேகரித்தபோது, குமிழிகள் எல்லா இடத்திலும் எழவில்லை. வலைப்பின்னலின் கம்பிகளுக்கு அடிப்புறத்தில் பாதி உருகி ஒட்டியிருந்த தூள்மணிகளின் இடுக்குகளில்தான் அவை முதலில் வரிசைகட்டின. அமிலக் கரைசலில் சிறிது நேரம் கழுவியதும் அந்த மணிகள் உதிர்ந்தன. அடுத்த மாதிரியில் குமிழிகள் கண்கூடாகக் குறைந்தன, கம்பிகளும் வரைபடத்தில் இருந்த தடிமனுக்கு நெருங்கி வந்தன.

துளைகள் நீங்கலாக, அச்சிட்ட கம்பிகளின் அடர்த்தி 99 விழுக்காட்டைத் தாண்டியது என்பதைச் சாதனையாகச் சொல்வதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. நான்கு வாரம் ஊறிய பிறகு ஒரு கம்பியில் எவ்வளவு மீந்திருக்கிறது என்பதையே நான் கேட்கிறேன், ஏனெனில் முறிந்த எலும்பு சேர மாதக்கணக்கில் ஆகும். என் சோதனைகளில் வெளிவரிசைக் கம்பிகளே முதலில் மெலிந்ததால், இம்முறை அவற்றை மட்டும் தடிப்பாக வரைந்து அச்சிட்டு, கழுவி, மின்பகுப்பில் ஆக்சைடு பூச்சும் ஏற்றியிருக்கிறேன். மாதிரி நேற்றுக் காலை கரைசலில் இறங்கியது. பியூரெட்டின் நீர்மட்டம் இதுவரை ஒரு கோடுகூட இறங்கவில்லை.