அமெரிக்காவுல கஜானா சாவி இப்ப யார் கையில?

அமெரிக்காவுல எதுக்கு எவ்வளவு செலவுன்னு முடிவு பண்றது காங்கிரஸ்தான் (அவங்க நாடாளுமன்றம்), அதிபர் இல்ல. அப்ப அதிபரா இருந்த நிக்சன் தனக்குப் பிடிக்காத திட்டத்துக்கெல்லாம் பணத்த நிறுத்தி வச்சாருன்னுதான் 1974ல தனிச் சட்டமே போட்டாங்க, நிறுத்தணும்னா காங்கிரஸ்கிட்ட கேளு, 45 நாளுக்குள்ள அவங்க சம்மதிக்கலன்னா செலவு பண்ணியே ஆகணும்னு. ட்ரம்ப் என்ன பண்ணாரு, 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவிய ரத்து பண்ணுங்கன்னு 2025 ஆகஸ்ட் கடைசியில லெட்டர் அனுப்புறாரு, ஆனா நிதியாண்டு முடியறதே செப்டம்பர் 30, ஓட்டே போடாம அந்தப் பணம் காலாவதி ஆயிடும்! சுப்ரீம் கோர்ட்டும் அதுல 400 கோடிய நிறுத்தி வச்சுக்க விட்டுடுச்சு.

வீண்செலவ ஒழிக்கிறேன்னு சொல்லி வந்த ஆளு பதவியேத்த அதே வாரம், 2025 ஜனவரி 24 ராத்திரி, துறைத்துறையா ஊழலையும் வீண்செலவையும் தோண்டி எடுக்குற இன்ஸ்பெக்டர் ஜெனரல்கள் 15 பேருக்கு மேல ஒரே மூச்சுல தூக்கிட்டாரு. 30 நாள் முன்னாடியே காங்கிரஸுக்குக் காரணம் சொல்லணும்னு சட்டம் இருக்கு, சொல்லல. செப்டம்பர்ல கோர்ட் அது சட்டவிரோதம்னு சொல்லுச்சு, ஆனா வேலை திரும்பக் கிடைக்கல (அப்புறம் தீர்ப்பு எதுக்குங்க?).

எனக்கு ட்ரம்ப் மேல இருக்கறத விட, தன் அதிகாரத்த தூக்கிக் குடுத்துட்டு வாயத் திறக்காம உக்காந்திருக்குற காங்கிரஸ் மேலதான் கோவம் கோவமா வருது.