குரூப் 4 பொது அறிவு: அடைமொழியில்தான் மதிப்பெண் இருக்கிறது

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) குரூப் 4 தேர்வை நானும் எழுதினேன்; முடிவு வந்துவிட்டது, மூச்சும் திரும்பிவிட்டது. பாடத்திட்டம், கட்-ஆஃப் எல்லாம் உங்களுக்கே தெரியும். ‘அட, அப்படியா!’ என்று வியக்க வைக்கும் துணுக்குச் செய்திகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது இனிக்கிறவை அவைதான்; தேர்வறையில் காலை வாருகிறவையும் அவைதான்.

வியப்பு மனதில் ஒட்டிக்கொள்ளும், கூட வந்த அடைமொழி, அதாவது செய்தியின் எல்லையைச் சொல்லும் சொல், உதிர்ந்துவிடும். கேள்வித்தாள் எடுப்பவர் கை வைப்பது அந்த உதிர்ந்த இடத்தில்.

‘முதல் தமிழ்ப் புத்தகம்’ என்பதையே எடுங்கள். 1554-இல் லிஸ்பனில் அச்சான ஒரு நூலில் தமிழ் இருக்கிறது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சானது தம்பிரான் வணக்கம்: கொல்லம், 1578, பதினாறே பக்கம். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் தரங்கம்பாடி அச்சகம் அதற்கு 130 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. ஆனால் பலருக்கு ‘அச்சு’ என்றதும் கை போவது தரங்கம்பாடிக்குத்தான். எழுத்தா, இடமா, அச்சகமா என்று கேள்வியில் ஒரு சொல் இருக்கும். அதுதான் விடை.

சினிமாவும் இதே கதை. இந்தியாவின் முதல் பேசும் படம் ஆலம் ஆரா, 1931 மார்ச். தமிழுக்குக் காளிதாஸ், அதே ஆண்டு அக்டோபர் 31. அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார்! ஆகவே ‘முழுக்கத் தமிழிலேயே பேசிய முதல் படம்’ என்று கேட்டால் காளிதாஸைத் தொடாதீர்கள். இந்தியாவின் முதல் முழுநீள மௌனப் படமென்றால் 1913-க்கு, ராஜா ஹரிச்சந்திராவுக்குப் போக வேண்டும்.

‘தமிழ்நாடு’ பெயர் மாற்றத்தில் மூன்று தேதிகள் குழப்பும். 1956 நவம்பர் 1 மொழிவாரி எல்லை அமைந்த நாள், பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1967 ஜூலை 18 சட்டமன்றத் தீர்மானம். தமிழ்நாடு நாள் இதுதான். 1969 ஜனவரி 14 பெயர் நடைமுறைக்கு வந்த நாள். மூன்றும் ஒரே கேள்வியின் விடை விருப்பங்களாக வந்து நிற்கும், ‘தீர்மானம்’, ‘நடைமுறை’ என்ற சொற்கள்தான் பிரித்துக் காட்டும்.

நோட்டுப் போடும் முறை:

- பக்கத்துக்கு மூன்று பத்தி. இடது: செய்தி. நடு: அடைமொழி, சிவப்பு மையில். வலது: ‘பக்கத்து வீடு’, அதாவது குழப்பக்கூடிய இன்னொரு விடை.
- ஒரு பக்கத்தில் எட்டுச் செய்திக்கு மேல் வேண்டாம். நெருக்கி எழுதினால் சிவப்பு மை கண்ணில் படாது.
- பக்கத்து வீடு கிடைக்காத செய்தியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். குழப்ப முடியாததைக் கேட்பது குறைவு.
- மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் திருப்புதல். நடுப்பத்தியை அட்டையால் மூடிவிட்டு அதை மட்டும் சொல்லிப் பாருங்கள். செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் வரும்.
- இரண்டு முறை தவறியது தனித் தாளுக்குப் போகட்டும்.

பாட்டுக் கட்டி மனப்பாடம் செய்கிறவர்களும் ஜெயிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவராது. பாட்டு நினைவிருக்கும், வரிசை மாறிவிடும்.

இயற்கை, அறிவியல் துணுக்குகளில் அடைமொழியோடு காரணத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் இவை கூற்று–காரணம் வடிவில் வரும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்: இரண்டு செவுள்களுக்கு, ஒன்று உடலுக்கு. ரத்தம் நீலம், காரணம் செம்பு கொண்ட ஹீமோசயனின். ‘ரத்தம் நீலம், மூன்று இதயம் உண்டு’ என்று இரண்டையும் கொடுத்தால் இரண்டும் சரி, ஆனால் ஒன்று மற்றொன்றை விளக்கவில்லை. அவசரக்காரர்கள் விழும் குழி இதுதான்.

‘வெள்ளிக் கோளின் நாள், அதன் ஆண்டைவிட நீளம்’ என்பதும் அப்படி. தன்னைத்தானே சுற்ற 243 புவி நாள், சூரியனைச் சுற்ற 225. இதுவரை சரி. ஆனால் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை சுமார் 117 நாள்தான், கோள் எதிர்த் திசையில் சுழல்வதால். ‘தற்சுழற்சி’ என்ற சொல் இல்லாமல் இந்தத் துணுக்கை எழுதிவைத்தால் அது பாதிப் பொய்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை (2006, 2018) பூக்கும். குறிஞ்சிப் பேரினத்தின் எல்லாச் செடிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மாநில மலர் செங்காந்தள் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் கூட. பொருத்துகவுக்கு நல்ல தீனி.

வாட்ஸ்அப் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம் என்பேன். ஹாக்கி நமது தேசிய விளையாட்டு என்று இன்னும் சுற்றுகிறது; எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று 2012-இல் ஒரு தகவல் உரிமை மனுவுக்கு மத்திய அரசே பதில் சொல்லிவிட்டது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்பதும் இதே ரகம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பாடநூல்களின் பெட்டிச் செய்திகளே போதும். ‘உங்களுக்குத் தெரியுமா?’ பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அங்கே அடைமொழியும் சேர்ந்தே அச்சாகியிருக்கும்.

கடைசிப் பத்து நாள் புதுத் துணுக்கு எதுவும் வேண்டாம். முந்தின இரவு சிவப்புப் பத்தியையும், இரண்டு முறை தவறிய தனித் தாளையும் மட்டும் பாருங்கள். வினாத்தாளில் ‘முதல்’, ‘மிகப்பெரிய’, ‘ஒரே’ என்ற சொற்களைக் கண்டால் பேனாவால் வட்டமிட்டுவிட்டு அதன் பிறகு விருப்பங்களுக்குப் போங்கள். கேள்விக்கு மூன்று நொடி கூடுதலாகும், அவ்வளவுதான்.